பன்னிரண்டு மீட்டர் மேலே

விசாரணை அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததிலிருந்து பரிமளாவுக்குச் சோறு இறங்கவில்லை. அன்று காலையும் இட்லியைப் பிட்டுப் பிட்டுத் தட்டிலேயே வைத்துவிட்டு, எட்டரை மணிக்கெல்லாம் ராசிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பொன்னுரங்கத்தின் தடக்கூடத்துக்கு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். செய்த தப்பை ஒப்புக்கொண்டுவிட வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்பதுதான் தெரியவில்லை.

தாளிமலைக்கு ஏறுகிற பைக்குகளுக்கு வழி போட்டுக் கொடுப்பது அவள் தொழில். மலைப்பாதைகளில் ஆட்கள் சரமாரியாக விழுந்து சாக ஆரம்பித்ததும், இனிமேல் மலை ஏற வேண்டுமென்றால் தடம்பிடி பைக்கில்தான் ஏற வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டுப் பதினொரு வருடமாகிறது. தடம்பிடி பைக் என்பது பெரிய மாயமந்திரம் ஒன்றுமில்லை. போக வேண்டிய வழியை முன்கூட்டியே கணினியில் புள்ளி புள்ளியாக வைத்து அதற்குள் ஏற்றிவிட்டால், கைப்பிடியைத் தானே திருப்பிக்கொண்டு போகும். ஓட்டுகிறவர் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், வேண்டுமானால் நிறுத்தலாம். திருப்புவது மட்டும் அவர் கையில் இல்லை. அது எங்கேயோ ஓர் ஊரில் திரை முன்னால் உட்கார்ந்து புள்ளி வைக்கிற ஆளின் கையில் இருக்கிறது.

அந்தக் கை கொஞ்சம் பிசகினாலும் கூத்துதான். நாலுவழிச் சாலையில் ஒரு புள்ளி எதிர்ப்பக்கத்தில் விழுந்துவிட்டால், பைக் எட்டு கிலோமீட்டர் போய்த் திரும்பி வந்து அந்தப் புள்ளியைத் தொட்டுவிட்டுத்தான் மேலே போகும். மேம்பாலத்தில் வைக்க வேண்டிய புள்ளி அடியில் விழுந்தால் பாலத்துக்குக் கீழே இருக்கிற மீன் சந்தையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரும். சொன்னதைச் செய்கிற பிள்ளை நல்ல பிள்ளைதான். சொல்கிறவருக்குப் புத்தி வேண்டும்.

மற்றவர்கள் படத்தை அரைகுறையாகப் பெரிதாக்கி, ரோடு மாதிரித் தெரிகிற இடத்தில் டக்கென்று ஒரு புள்ளியை வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். பரிமளா அப்படியல்ல. இதற்கு மேல் பெரிதாகாது என்று கணினி கெஞ்சுகிற வரைக்கும் படத்தைப் பெரிதாக்குவாள். மர நிழல் எது, தார் எது என்று மூக்கு திரையில் முட்டப் பார்த்து, நடுவில் ஓடும் வெள்ளைக்கோட்டின் மேலேயே வைப்பாள். அரை மீட்டர் பரிமளா என்று தடக்கூடத்தில் அவளைக் கிண்டல் செய்வார்கள். அந்தக் கிண்டலில் அவளுக்கு உள்ளூரப் பெருமை உண்டு.

இரண்டு மாதத்துக்கு முன்னால் பாளையங்கோட்டையிலிருந்து ஜெபசீலி என்கிற பள்ளி ஆசிரியை, தம்பி எபனேசரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு தாளிமலை ஏறினாள். வழி போட்டுக் கொடுத்தது பரிமளா. காலை ஏழே முக்கால், நல்ல பனிமூட்டம். முப்பத்தொன்றாம் கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும், பைக் சாலையை விட்டு மேல்பக்கமாக, யாரும் போகாத பழைய காப்பித் தோட்டத்து ஜீப் தடத்தில் திரும்பியது. முப்பது அடி தள்ளி ஒரு மதகு. அதில் பாதியை மழை எப்போதோ அடித்துக்கொண்டு போயிருந்தது. எபனேசர் அங்கேயே இறந்துபோனான். ஜெபசீலி இடுப்பும் வலது காலும் நொறுங்கிச் சேலத்தில் ஒரு மருத்துவமனையில் கிடக்கிறாள்.

வழி போடும் மென்பொருளைச் செய்த நிறுவனம் முதல் வாரத்திலேயே ஒரு கடிதம் எழுதியது. பைக் ஓடிக்கொண்டிருந்தபோது ஏழு நாற்பத்திரண்டுக்குத் திரையில் விரல் பட்டிருப்பதாகவும், ஓட்டியவரே புள்ளியை நகர்த்தியிருக்கலாம் என்றும் அதில் இருந்தது. நகர்த்தியிருக்கலாம் என்று எழுதியதை ஊர் உலகம் நகர்த்திவிட்டாள் என்று படித்துக்கொண்டது.

பரிமளா மட்டும் அதை நம்பவில்லை. தப்பு தன்னுடையது என்று அவள் முதல் நாளே முடிவு கட்டியிருந்தாள். அதற்குக் காரணம் முனியப்பன்.

முப்பத்தொன்றாம் வளைவில் ஏறித் திரும்பியதும், சாலைக்குக் கீழே பள்ளத்துப் பக்கமாக இருபது படி இறங்கினால் முனியப்பன் கோயில். லாரிகள் முக்கி முனகி ஏறிய காலத்திலிருந்தே அங்கே வண்டியை நிறுத்தி, எலுமிச்சம்பழத்தை முன்சக்கரத்தில் நசுக்கி, திருநீறு பூசிக்கொண்டு போவது வழக்கம். தடம்பிடி பைக் வந்த பிறகும் வழக்கம் போய்விடவில்லை. அங்கே ஒரு புள்ளி வைத்து நிறுத்தம் போட்டுவிடுவார்கள். ஆனால் சாமிக்கென்று வைக்கிற புள்ளியைச் சக்கரம் ஓடும் தாரில் வைக்க யாருக்கு மனசு வரும்? ராசிபுரத்தில் இருக்கிற நூற்று நாற்பது தடக்காரர்களும் அந்தப் புள்ளியைக் கோயிலுக்குள், சாமி காலடியில்தான் வைப்பார்கள். சாலையிலிருந்து அது பன்னிரண்டு மீட்டர் கீழே. அந்த ஓர் இடத்தில் பரிமளாவின் அரை மீட்டர் கணக்கும் செல்லாது. அவளும் அங்கேதான் வைப்பாள்.

கீழே கிடந்த தன் புள்ளியால்தான் பைக் தடுமாறி வழி தவறியது, அந்தப் பையனைக் கொன்றது தன் கைதான் என்று இரண்டு மாதமாக அவள் தன்னைத் தானே தின்றுகொண்டிருந்தாள். கோப்பைத் திறந்து பார்த்துவிடலாம் என்றால் விசாரணை முடியும்வரை அதை அரசாங்கம் பூட்டி வைத்திருந்தது.

விசாரணை அதிகாரி காசிலிங்கம் பத்து மணிக்கு வந்தார். மெலிந்த மனிதர், ஐம்பது வயதிருக்கும், கையில் மத்தியானச் சாப்பாட்டு டப்பாவோடு வந்திருந்தார். பொன்னுரங்கம் தன் சுழல் நாற்காலியைத் துடைத்துப் போட்டும் அதில் உட்காராமல், பரிமளாவின் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எனக்கு இந்தத் தொழில் தெரியாதும்மா. போன வருஷம் வரைக்கும் ரேஷன் கடைப் புகாரைப் பாத்துக்கிட்டிருந்த ஆளு. ஒண்ணாப்பு புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க" என்றார்.

"புள்ளியில ரெண்டு வகைங்க சார். நிக்கிற புள்ளி, கடக்கிற புள்ளி. நிக்கிற புள்ளி வந்தா வண்டி தானா நின்னுரும். ஓட்டறவங்க மறுபடி பட்டனை அமுத்துனாத்தான் கெளம்பும். கடக்கிற புள்ளின்னா சும்மா அது மேல போயிட்டே இருக்கும்."

"நிக்கவே போறதில்லன்னா எதுக்குப் புள்ளி?"

"மலையில பாறைக்கு நடுவால போறப்ப மேலிருந்து வர்ற சிக்னல் அறுந்து அறுந்துதானுங்க வரும். பத்து வளைவுக்கு ஒரு புள்ளியாவது இருக்கோணும்னு சட்டம். இல்லீன்னா வண்டிக்கு இருக்கிற எடம் தெரியாமப் போயிரும்."

காசிலிங்கம் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். அவர் அடுத்த கேள்வி கேட்பதற்குள் பரிமளா சொல்லிவிட்டாள்.

"நாந்தானுங்க சார். அந்தப் புள்ள மேல பழியப் போட்டுறாதீங்க. முப்பத்தொண்ணுல நாங்க யாருமே ரோட்டுல வைக்க மாட்டோம். சாமி காலடியிலதான் வைப்போம். நானும் அப்பிடித்தான் வச்சிருப்பேன். அதனால வந்த வினைதான் இது."

அவர் பேனாவை மூடினார். "வச்சிருப்பேன்னு சொல்றீங்க. வச்சதைப் பாத்தீங்களா?"

"கோப்பு உங்ககிட்டல்லங்க இருக்குது."

"அதைத் திறக்கத்தான் வந்திருக்கேன்."

அவர் தன் கைக்கருவியில் ஏதோ எண்ணை அடித்தார். இரண்டு மாதம் பூட்டிக் கிடந்த வழி பரிமளாவின் திரையில் விரிந்தது. நாற்பத்தாறு புள்ளிகள், பாளையங்கோட்டையிலிருந்து தாளிமலை உச்சி வரைக்கும். முப்பத்தொன்றாம் வளைவுக்குப் போய்ப் படத்தைப் பெரிதாக்கினாள். கோயிலின் தகரக் கூரை தெரிந்தது. கூரை மேல் ஒன்றும் இல்லை. இன்னும் பெரிதாக்கினாள். புள்ளி சாலையில் இருந்தது, வெள்ளைக்கோட்டின் மேல், நட்டநடுவில்.

முதலில் அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது. ஒரு பையன் செத்துப்போன விஷயத்தில் என்ன சந்தோஷம் என்று அடுத்த கணமே வெட்கமாகிப்போயிற்று. அதற்கடுத்த கணம் பயம் வந்தது.

"அப்பிடின்னா அந்தப் புள்ளதான் வெரல் பட்டு நகத்திருச்சுங்களா?"

"இருங்க. இது நீங்க வச்சது. இப்ப வண்டிக்குள்ள போய்ச் சேந்தது எதுன்னு பாருங்க."

அவர் இன்னோர் எண்ணை அடித்தார். அதே வழி, அதே நாற்பத்தாறு புள்ளிகள். ஒன்று மட்டும் இடம் மாறியிருந்தது. சாலையிலிருந்து மேல்பக்கமாக, மரங்களுக்கு நடுவே செம்மண் கீற்றாகத் தெரிந்த ஜீப் தடத்தின் மேல் அது உட்கார்ந்திருந்தது. பரிமளா அளந்து பார்த்தாள். பன்னிரண்டு மீட்டர்.

"இது வண்டியில ஏறுனது முந்தின நாள் காலம்பர ஆறு மணிக்கு, பாளையங்கோட்டையிலயே" என்றார் காசிலிங்கம். "ஏறுறப்பவே இப்படித்தான் ஏறியிருக்கு. விரல் பட்டது மறுநாள் ஏழு நாப்பத்திரண்டுக்கு. அப்போ எந்தப் புள்ளியும் அசையல. கம்பெனிக்காரங்க விரல் பட்டதைச் சொன்னாங்க, அசையலைங்கறதைச் சொல்லல. கேட்டா, யாரும் கேக்கலையேங்கறாங்க."

"அப்ப யாருங்க சார் நகத்துனது?"

"நீங்கதான். நீங்கன்னா நீங்க ஒருத்தர் இல்ல, ராசிபுரமே."

அவள் திருதிருவென்று விழித்தாள். அவர் நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டார்.

"இந்த ஒரு வளைவுல ஆறு வருஷத்துல ரெண்டு லட்சத்துச் சொச்சம் புள்ளி வச்சிருக்கீங்க எல்லாரும் சேந்து. அத்தனையும் கோயில் மேல. நியாயமாப் பாத்தா வண்டியெல்லாம் அங்க வந்து முழிக்கணும். ஒண்ணாவது முழிச்சுதா?"

"இல்லீங்க. ரோட்டுல சரியா நிக்குமுங்க."

"எப்படி நின்னுச்சு? யோசிச்சுப் பாத்திருக்கீங்களா? மென்பொருள் கவனிச்சிருக்கு. இந்த ஊர்க்காரங்க இந்த எடத்துல பன்னெண்டு மீட்டர் கீழதான் வைப்பாங்க, நாமளே மேல தூக்கி ரோட்டுல வச்சுக்குவோம்னு தானாப் பழகிக்கிச்சு. யாரும் சொல்லிக் குடுக்கல. செஞ்சவங்களுக்கே போன வாரம்தான் தெரிஞ்சுது. உங்க திரையில கோயில் மேலதான் காட்டும். வண்டிக்கு அனுப்பறப்ப தூக்கி வச்சு அனுப்பும்."

"அப்ப நான் ரோட்டுல வச்சதையும்..."

"தூக்கிருச்சு. ரெண்டு லட்சம் தப்பைத் திருத்திப் பழகுன கை. சரியா இருந்த ஒண்ணு வந்தப்ப அதையும் திருத்திருச்சு."

ஊர் ஓடினால் ஒத்து ஓடு, ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு என்பார்கள். மென்பொருள் அந்தப் பழமொழியின் முதல் பாதியை மட்டும் நன்றாகப் படித்திருந்தது. தனியே ஓடுகிறவனை நிறுத்தி, ஏனப்பா இந்தப் பக்கம் என்று ஒரு வார்த்தை கேட்க அதற்குத் தெரியவில்லை. கேட்டிருந்தால் ஒரு தம்பி உயிரோடு இருந்திருப்பான்.

"இப்பவும் தூக்கிட்டுத்தான் இருக்குதுங்களா?" என்று பரிமளா பதறினாள்.

"நேத்தே நிறுத்தியாச்சு. இனிமே கோயிலா ரோடான்னு உங்களையே கேக்கும்." காசிலிங்கம் ஒரு படிவத்தை அவள் திரைக்கு அனுப்பினார். "எல்லாம் எழுதியாச்சு. ஒரே ஒரு கட்டம் பாக்கி. எல்லாரும் கோயில்ல வைக்கிற எடத்துல நீங்க அன்னிக்கு மட்டும் ஏன் ரோட்டுல வச்சீங்க? காரணத்தை நீங்கதான் எழுதிக் கையெழுத்துப் போடணும்."

பரிமளாவுக்கு நினைவில்லை. ஒரு நாளைக்கு முந்நூறு புள்ளி வைக்கிறவள் அவள். "வழி கேட்டவங்க எழுதுன குறிப்பைப் பாத்தாத் தெரியுமுங்க" என்றாள்.

"பாத்து எழுதுங்க. அவங்க கேட்டாங்கன்னா கேட்டாங்கன்னு எழுதுங்க. கை தவறினதுன்னா அதையும் எழுதலாம், ஆனா மூணு வருஷத்துக்கு உங்க உரிமம் போயிடும். எதை எழுதுனாலும் அறிக்கை பொதுவுல வரும்மா, பேப்பர்க்காரங்க படிப்பாங்க. நாலு மணிக்குள்ள அனுப்புங்க." சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அவர் கிளம்பினார். வாசலில் நின்று, "மனசைப் போட்டு வதைச்சுக்காதீங்க. உங்க மேல தப்பே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு மாதத்தில் அவளிடம் யாரும் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

பரிமளா ஜெபசீலியின் குறிப்பைத் தேடி எடுத்தாள். எங்கே சாப்பாடு நன்றாக இருக்கும், எங்கே பைக்குக்கு மின்சாரம் ஏற்றலாம் என்கிற வழக்கமான கேள்விகள். கடைசியில் நான்கு வரி.

'அக்கா, 31ஆம் வளைவு கோயில்ல நிறுத்தம் போடாதீங்க. நாங்க சர்ச்சுக்குப் போறவங்க. சும்மா கடந்து போற மாதிரி இருந்தாப் போதும். தப்பா எடுத்துக்காதீங்க.'

அதன் கீழே பரிமளா எழுதிய பதிலும் இருந்தது. 'இதுல என்ன கண்ணு இருக்குது. அப்படியே போட்டர்றேன்.'

இப்போது எல்லாம் நினைவுக்கு வந்தது. அன்று வழக்கப்படி கை கோயில் மேல்தான் போயிற்று. நிற்காமல் போகிற புள்ளியைச் சாமி காலடியில் வைத்தால் சாமிக்கு மரியாதையில்லை. கோயில் வேண்டாமென்று தயங்கித் தயங்கிக் கேட்ட பெண்ணைத் தெரியாமல் கோயிலுக்குள் கொண்டுபோய் விடுவதும் நியாயமில்லை. இரண்டு பக்கமும் மனசு கோணக்கூடாதென்றுதான் புள்ளியை மேலே எடுத்துச் சாலை நடுவில் வைத்தாள். அதை நல்ல காரியம் என்றுகூட நினைத்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து உள்ளறையில் பொன்னுரங்கம் போனில் யாரிடமோ பேசுவது கேட்டது. "அதிகாரி வந்தாரு, போனாரு. ஆயிரம் கம்ப்யூட்டரு சொல்லட்டுமுங்க. முப்பத்தொண்ணுல நிக்காமப் போனவன் எவன் நல்லா இருந்திருக்கான்? அந்தப் புள்ளைங்களும் நிக்காமத்தான் போயிருக்கும். முனியப்பன் சும்மா விடுவானா?"

பொன்னுரங்கம் கெட்டவர் இல்லை. எபனேசரின் உடலை ஊருக்குக் கொண்டுபோக வண்டி பிடித்துக் கொடுத்தவரே அவர்தான். ஆனால் இந்த நான்கு வரி அறிக்கையில் வந்துவிட்டால் நல்லவர்களே இப்படித்தான் பேசுவார்கள் என்பது பரிமளாவுக்குத் தெரியும். பேப்பரில் வரும், டீக்கடையில் வரும், மலை ஏறுகிற ஒவ்வொருவனும் எலுமிச்சம்பழம் நசுக்கும்போது பக்கத்தில் நிற்பவனிடம் சொல்வான். நிறுத்தம் வேண்டாமென்று சொன்ன ஒரு பெண்ணும் அதற்கு அவள் கொடுத்த விலையும் என்று கதை கட்டிவிடுவார்கள். முனியப்பன் பாவம், அவருக்கு இதில் சம்பந்தமே இல்லை. இதைவிட மோசமானது ஒன்று இருந்தது. அந்தப் பெண்ணே தன் நான்கு வரியைப் படிப்பாள்.

குறிப்புகள் மூன்று மாதம் ஆனால் தாமாக அழிந்துவிடும். இன்னும் நான்கு வாரம். பரிமளா அதை மூடிவிட்டு, படிவத்தையும் அந்த இரண்டு படங்களையும் தன் போனுக்கு மாற்றிக்கொண்டு, சேலம் பேருந்தில் ஏறினாள்.

ஜெபசீலி மூன்றாவது மாடியில், ஜன்னலோரக் கட்டிலில், வலது காலைச் சுற்றி இரும்பு வளையங்கள் மாட்டியபடி சாய்ந்திருந்தாள். முப்பத்திரண்டு வயதுக்கு முகம் மிகவும் சின்னதாக இருந்தது.

"யாரு வேணும்?"

"நான் பரிமளாங்க. ராசிபுரம். உங்களுக்கு வழி போட்டுக் குடுத்தவ."

"உக்காருங்கக்கா" என்றாள் ஜெபசீலி. கோபமாகவும் இல்லை, வரவேற்பாகவும் இல்லை. "நானே உங்களுக்குப் போன் போடணும்னு நெனச்சேன். எப்படிக் கேக்கதுன்னு தெரியல. மன்னிப்புக் கேக்கணும்லா. நீங்க ஒழுங்கா வச்சத நான் கெடுத்துட்டேன். இந்த வெரல்தான்க்கா." வலது கைக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். "திரையில பனி படிஞ்சிருந்து. தொடச்சேன். எபி பின்னால இருந்து என்னமோ சொல்லிச் சிரிச்சான். அவ்வளவுதான் ஞாபகம் இருக்கு. எங்கம்மா தினம் வீடியோவுல வந்து, சாப்ட்டியா தூங்கினியான்னு கேக்கா. இந்தக் கைய மட்டும் பாக்கமாட்டேங்கா."

"உங்க வெரல் இல்லீங்க கண்ணு" என்றாள் பரிமளா. "அதைச் சொல்லத்தான் வந்தேன். உங்க வெரல் எதையும் அசைக்கல."

போனை எடுத்து, காசிலிங்கம் காட்டிய இரண்டு படங்களையும் காட்டினாள். ஆறு மணி, ஏழு நாற்பத்திரண்டு, ஊரே கோயில் மேல் வைப்பது, மென்பொருள் தூக்கி வைத்துப் பழகியது என்று காசிலிங்கம் தனக்குச் சொன்னபடியே ஒன்றொன்றாகச் சொன்னாள். ஜெபசீலி ஆசிரியை அல்லவா, நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தித் திரும்பச் சொல்லச் சொன்னாள். புரிந்ததும் அந்தக் கட்டைவிரலை மற்ற கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு அழுதாள். இரண்டு மாதத்து அழுகை அது. நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பரிமளாவும் கூடச் சேர்ந்து அழுதாள், அதில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. இத்தோடு எழுந்து போயிருந்தால் அவளுக்கும் நன்றாக இருந்திருக்கும்.

ஜெபசீலி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். படத்தை மறுபடி வாங்கிப் பார்த்தாள்.

"அக்கா, ஒண்ணு மட்டும் புரியல. எல்லாரும் கோயில்லதான் வைப்பாங்கன்னு சொல்லுதீங்க. நீங்களும் அப்படித்தான். எங்களுக்கு மட்டும் ஏன் ரோட்டுல வச்சிய?"

பரிமளா போனைத் திரும்ப வாங்கித் திரையை அணைத்தாள்.

"நான் உங்களுக்கு மெசேஜ் போட்டிருந்தேன்லா" என்றாள் ஜெபசீலி மெதுவாக. அவள் நெற்றி சுருங்கியது. "சாப்பாடு பத்திக் கேட்டேன். வேற... வேற ஏதும் சொல்லியிருந்தேனாக்கா? அந்தப் போன் அன்னைக்கே நொறுங்கிட்டு. தலையில அடிபட்டதுல முன்னாடி ரெண்டு மூணு நாள் சரியா ஞாபகம் இல்ல."

ஜன்னலுக்கு வெளியே பேருந்துகள் ஒலி எழுப்பிக்கொண்டு போயின. பரிமளா தன் கைகளைப் பார்த்தாள். பதினோரு வருடம், லட்சக்கணக்கான புள்ளிகள், இன்றைக்கு வரைக்கும் அதிகாரிகளும் குறை சொல்ல முடியாத கைகள். உண்மையைச் சொன்னால் இந்தக் கைக்கு ஒரு கறையும் இல்லை. இந்தப் பெண் மட்டும், விரலைப் பழிப்பதை விட்டுவிட்டு, தான் எழுதிய நான்கு வரியை ஆயுசு முழுக்கத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பாள்.

"சாப்பாட்டுக் கடையும் சார்ஜ் ஏத்தற எடமும் கேட்டிருந்தீங்க. அவ்வளவுதானுங்க" என்றாள். "ரோட்டுல வச்சது... கோயில் மேலதான் வைக்கப் போனேன் கண்ணு. கை தவறிருச்சு."

"கை தவறிட்டா?"

"ஆமாங்க. எப்பவும் திருப்பிப் பாப்பேன். அன்னிக்குப் பாக்கல."

ஜெபசீலியின் முகம் மெல்ல மாறியது. கொஞ்ச நேரம் முன்பு வரை தன்னையே குத்திக்கொண்டிருந்த கோபத்துக்கு இப்போது போக ஓர் இடம் கிடைத்தது. "எவ்வளவு லேசா சொல்லுதீங்க" என்றாள். "எந்தம்பிக்கு இருவத்தாறு வயசு. கை தவறிட்டாம், திருப்பிப் பாக்கலையாம். ஒரு நிமிசம் பாத்திருந்தா என்னக்கா? ஒரே ஒரு நிமிசம்!"

ஜெபசீலி திட்டினாள், அழுதாள், மறுபடி திட்டினாள். எல்லாவற்றையும் பரிமளா உட்கார்ந்து வாங்கிக்கொண்டாள். வலித்தது. செய்யாத தப்புக்குத் திட்டு வாங்குவது இவ்வளவு வலிக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. ஒரு கட்டத்தில், சொல்லிவிடலாமா என்று நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. இரும்பு வளையம் போட்ட அந்தக் காலைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"போங்கக்கா" என்றாள் ஜெபசீலி கடைசியில். "தயவு செஞ்சு போயிருங்க. இனிமே வராதீங்க."

வெளி வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பரிமளா படிவத்தைத் திறந்தாள். மணி மூன்றே முக்கால். காரணம் என்ற கட்டத்தில் 'கை தவறியது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். ஐந்து நிமிடத்தில் போன் அடித்தது.

"காசிலிங்கம் பேசறேம்மா. படிவம் வந்துச்சு" என்றார். "காலையில உங்க பக்கத்துல உக்காந்து நானும் படத்தைப் பாத்தேன். கை தவறி விழற புள்ளி எங்கயாவது கோணலா விழும். இது பன்னெண்டு மீட்டர் தள்ளி, வெள்ளைக்கோட்டு மேலயே, நட்டநடுவுல விழுந்திருக்கு."

பரிமளா கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தக் குறிப்பைப் பாக்கறேன்னு சொன்னீங்க. அதுல ஏதாவது இருந்துச்சா?"

பாதி திறந்திருந்த கதவு வழியே உள்ளே ஜெபசீலியின் குரல் கேட்டது. யாருக்கோ போன் போட்டிருந்தாள். "அம்மா... அம்மா, நான் இல்லம்மா. நான் நகத்தலம்மா. புள்ளி வச்ச பொம்பளைக்குக் கை தவறிட்டாம். இப்பத்தான் வந்து அவங்களே ஒத்துக்கிட்டுப் போறாங்க. நான் இல்லம்மா..."

"அதுல ஒண்ணுமில்லீங்க சார்" என்றாள் பரிமளா.

"மூணு வருஷம்மா" என்றார் காசிலிங்கம்.

"தெரியுமுங்க சார். அப்பிடியே எழுதிக்குங்க."